யாரிடமிருந்து?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உள்ளே என் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுளித்திருப்பாய். சுளித்துக்கொண்டே படித்துவிடு, கிழித்துப் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள். மூன்று வருஷத்துக்கு முன் நீ எனக்கு அனுப்பிய வார்த்தைகளை நான் மறக்கவில்லை. மறந்ததுபோல் நடிக்கவும் வராது. ஆனால் இந்த விஷயம் தெரிந்தவன் என்று எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

எனக்கு நெட்வொர்க் பாதுகாப்பும், செய்திகளைப் பூட்டி அனுப்பும் கிரிப்டோகிராஃபியும் படிக்க வேண்டும். எந்தப் புத்தகம் நல்லது, எதிலிருந்து தொடங்குவது, எதை நம்பக் கூடாது என்று சொல். இந்த வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நீ சிரிப்பது கேட்கிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அதைப் பத்திரமாக வைக்க யாராவது ஒருவர் கற்றுக்கொள்ளட்டும் என்கிறார் முதலாளியம்மா. அவ்வளவுதான் விஷயம்.

நீயே இணையத்தில் தேடிக்கொள்ளேன் என்று எழுதிவிடாதே. என்னால் தேட முடியாது. காகிதத்தில் இருப்பதுதான் வேண்டும். கவரில் இருக்கும் கடை முகவரிக்கு அனுப்பு. லென்ஸ் கம்பெனியிலிருந்து வரும் கவர் மாதிரி இருக்கட்டும், முகவரியை டைப் அடித்து ஒட்டு. போன் வேண்டாம், மெயில் வேண்டாம். ஏன் என்று கேட்காமல் இதை மட்டும் செய்.

பாப்பா நான்காவது படிக்கிறாள். உன் மாதிரியே முட்டைக்கண்.

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் நினைத்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவளுக்கு, மூன்று வருஷம் கழித்துத் தம்பியின் ஞாபகம் பாடப் புத்தகத்துக்காக வருகிறது. நன்றாக இருக்கிறது. வாத்தியார் வேலையில் ஒரு சாபம் உண்டு, யார் பாடம் கேட்டாலும் வாய் தானாகத் திறந்துவிடும். அந்த ஒரு காரணத்தால் எழுதுகிறேன்.

முதலில் எதைத் தொடக் கூடாது என்று சொல்கிறேன். 'முப்பது நாளில் ஹேக்கர் ஆகலாம்' என்று கூவுகிறவர்கள் பக்கம் போகாதே. இலவசமாக நூறு புத்தகம் ஒரே கட்டாகத் தருகிறோம் என்கிறவர்களைப் பார்த்தால் ஓடு. பாதுகாப்புப் படிக்க வந்தவன் வீட்டிலேயே புகுந்துவிடுகிற கூட்டம் அது. தேதி போடாத பாடத்தை நம்பாதே. எழுதினவர் தனக்குத் தெரியாதது எது என்று ஓரிடத்திலாவது சொல்லியிருக்கிறாரா பார். சொல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பூட்டை உடைப்பதிலிருந்து தொடங்காதே. ஒரு செய்தி இங்கிருந்து அங்கே எப்படிப் போகிறது, வழியில் எத்தனை கை மாறுகிறது என்பதை முதலில் படி. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வைக்கும் தடிப் புத்தகமே போதும், எந்த நூலகத்திலும் கிடைக்கும். பிறகுதான் கிரிப்டோகிராஃபி. அதற்குப் பெரிய கல்லூரிகள் தங்கள் வகுப்புக் குறிப்புகளை இலவசமாகவே போட்டிருக்கின்றன. அச்செடுத்து வைத்திருக்கிறேன். கணக்கைப் பார்த்துப் பயப்படாதே, பென்சிலால் போட்டுப் பார்க்கும் கணக்குதான். பழகிப் பார்ப்பதற்கென்றே புதிர் வைத்த தளங்கள் உண்டு. உனக்கு இணையம் ஆகாது என்பதால் அவற்றிலிருந்து சில புதிர்களைக் காகிதத்திலேயே எழுதித் தருகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், சொந்தமாக ரகசிய எழுத்து உருவாக்கிவிட்டதாக ஒருநாள் உனக்குத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். அதை நம்பி ஒரு வரிகூட எழுதாதே.

என் வகுப்புக் குறிப்பில் முதல் மூன்று பாடம் இத்துடன் இருக்கிறது. என் மாணவர்களிடம் முதல் நாள் கேட்கும் கேள்வியை உன்னிடமும் கேட்கிறேன். எதைக் காக்கப் போகிறாய்? யாரிடமிருந்து? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் புத்தகமும் உதவாது. திருடனுக்கு ஒரு பூட்டு, அரசாங்கத்துக்கு ஒரு பூட்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு பூட்டு.

கண்ணாடிக் கடை விவரத்தைத் திருட யார் வரப்போகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 3

தம்பி,

முட்டைக்கண்ணா என்றுதான் எழுத வந்தேன். நீ இருக்கும் கோபத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாடங்கள் கிடைத்தன. லென்ஸ் தேய்க்கும் பின்னறையில் உட்கார்ந்து படிக்கிறேன். தண்ணீரும் தூளும் தெறிக்கும் என்பதால் அந்த அறையில் மட்டும் கேமரா இல்லை. படித்து முடித்ததை, ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கண்ணாடிகள் கிடக்கும் இழுப்பறையில் அடியில் வைக்கிறேன். அதை யாரும் திறப்பதில்லை. முதலாளியம்மாவுக்குத் தெரியும். அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அவர்தான் லென்ஸ் ஆர்டரோடு சேர்த்து என் கடிதத்தையும் தபாலில் போடுகிறார்.

உன் பாடம் எனக்குப் புரிகிறது, ஆச்சரியப்படாதே. கண் பார்க்கும்போது இது தெளிவா, அது தெளிவா என்று மாற்றி மாற்றிக் கேட்போமே, அதுபோலத்தான் உங்கள் கணக்கும் போகிறது. எண்களைப் பூட்டித் திறக்கும் அந்த இரண்டாவது புதிரை ஒரு மதிய நேரத்தில் போட்டு முடித்தேன். அன்றைக்கு இரண்டு லென்ஸைப் பாழாக்கியதும் உண்மை.

உன் முதல் கேள்விக்கு இப்போது பதில் எழுத மாட்டேன். பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். காலையில் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சும்மா சொன்ன ஒரு வாக்கியத்தை, மாலையில் வேறோர் இடத்தில் ஒருவர் சோறு போட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே, என்னிடமே திருப்பிச் சொன்னால், அது எந்தப் பாடத்தில் வரும்? மூன்றில் இல்லை. நான்காவது பாடத்தில் இருந்தால் அதை முதலில் அனுப்பு.

மூன்றாம் பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறாய். பூட்டு எவ்வளவு பெரிதானாலும், சாவி யாருடையது என்று வேறு வழியில் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் பயனில்லை, உங்களுக்கு வேண்டியவர் ஒருவரின் போன் எண்ணை அவரிடமே கேட்டு ஒத்துப் பாருங்கள் என்று. எனக்கு வேண்டியவர்கள் பட்டியல் சிறியது. என் போனில் உன் பெயருக்கு நேரே இருக்கும் எண் 4417 என்று முடிகிறது. சரி என்று எழுதிவிடு, பயிற்சி முடிந்தது.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

சரியில்லை.

என் எண் 0962 என்று முடியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதே எண்தான். 4417 என்று முடியும் எண் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அம்மா படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், 'இது என் புது நம்பர், பழையதை அழிச்சிடு' என்று உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 7350 என்று முடியும். அது உன்னுடையதா இல்லையா?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ எனக்கு எழுதியது என்ன, நான் எழுதியதாக உனக்கு வந்தது என்ன, இரண்டையும் சொல்லுக்குச் சொல் எழுது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், நான் இங்கே உட்கார்ந்து நான்கு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 19

முட்டைக்கண்ணா,

7350 என்னுடையது இல்லை.

எனக்கு வந்தவற்றை எழுதுகிறேன். முதலில், 'அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், நீ அலைய வேண்டாம்.' எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன், கிளம்பட்டுமா என்று கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடும், பிறகு 'வகுப்பில் இருக்கேன்' என்று வரும். அப்புறம் ஒருநாள், 'அம்மா போய்ட்டா. எல்லாம் முடிஞ்சுது. வந்து அழுது நடிக்காதே. இனி எனக்கு அக்கா இல்லை.'

இதைத்தான் மூன்று வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாத பாவி என்று திட்டினேன். உனக்கு என்ன வந்தது என்று நீ எழுதவில்லை. எழுதாதே. என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரிகிறது.

அந்த மாதம்தான் எனக்குப் புது போன் வந்தது. என் பிறந்தநாளுக்கு அவர் வாங்கித் தந்தார். பழைய போனில் இருந்த பெயர்களையெல்லாம் அவரே உட்கார்ந்து மாற்றிப் போட்டுக் கொடுத்தார். எவ்வளவு அக்கறை பார் என்று அன்றைக்கே உனக்குப் பெருமையாக எழுதினேன். உனக்கு எழுதினேனா? யாருக்கு எழுதினேன்?

யாரிடமிருந்து என்று கேட்டாயே. அவரிடமிருந்துதான். என் வீட்டுக்காரரிடமிருந்து.

கேமராவும் நெட்வொர்க்கும் மாட்டுவது அவர் தொழில் என்று உனக்குத் தெரியும். எங்கள் கடையில் எல்லாவற்றையும் இலவசமாக மாட்டிக் கொடுத்தார். கடை போனும் அவர் வைத்த பெட்டி வழியாகத்தான் போகிறது. கல்லாவுக்கு மேல் இருக்கும் கேமராவுக்குக் காதும் உண்டு. பாப்பாவின் பள்ளிக்கூட வாசலில் இருப்பதும் அவர் மாட்டியதே. ஊரில் அவரைப் போல நல்ல மனிதர் இல்லை என்பார்கள். என்னை ஒருநாள் அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. நான் எங்கே போனேன், யாரிடம் சிரித்தேன், என்ன தேடினேன் என்று எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு அன்பாகவே பேசுவார். அந்த அன்பான குரல் கேட்டால், அன்றைக்கு யாரிடம் என்ன பேசினேன் என்று முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பேன்.

அம்மா போன செய்தி வந்த அன்று என் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். "உன் தம்பி இப்படிப் பேசுவான்னு நான் நினைக்கவே இல்லம்மா. விடு, உனக்கு நான் இருக்கேன்" என்றார். அதை அவரே டைப் அடித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். நேற்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு லென்ஸ்கூடத் தேய்க்க முடியவில்லை.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வேறொன்றில்தான் வெட்கம்.

இதற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு, நடுவில் நிற்பவன் என்போம். இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவன் நின்று, இவருக்கு அவராகவும் அவருக்கு இவராகவும் பேசுவான். பூட்டை உடைக்கவே மாட்டான், இரண்டு பேரும் சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டிருப்பார்கள். இதை நான் வருஷா வருஷம் பலகையில் படம் வரைந்து, விசில் அடிக்கிற பிள்ளைகளை அதட்டி, பரீட்சையில் கேள்வியாகவும் வைக்கிறேன். அத்தான் எனக்கே அதைச் செய்துகாட்டிவிட்டார். 'எனக்கு வேலை இருக்கு, அம்மாவை நீயே பாத்துக்கோ' என்று என் அக்கா எழுதுவாளா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் ரயிலேறி வந்திருப்பேன். யோசிக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது.

இனி அவசரப்பட வேண்டும், ஆனால் அவசரத்தில் தப்பு செய்யக் கூடாது. யாராவது வாடிக்கையாளரின் போனை வாங்கி என் எண்ணுக்கு ஒரு தடவை பேச முடியுமா? போலீசுக்குப் போகலாமா?

இதைக் கேட்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டே தீர வேண்டும். ஒருமுறை ஏமாந்தவன் எல்லோரையும் சந்தேகப்படுவான். இந்தக் கடிதங்களை எழுதுவது நீதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையெழுத்து உன்னுடையதுதான். உன் கையைப் பிடித்து யாரும் எழுத வைக்கவில்லை என்று எப்படி நம்புவேன்? நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுது. அத்தானிடம் நீ ஒருபோதும் சொல்லாததாக இருக்க வேண்டும்.

தம்பி


மார்ச் 5

முட்டைக்கண்ணா,

அசிங்கம் ஒன்றும் இல்லை. நீ கேட்காமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அப்பாவின் ரேடியோ. அதை உடைத்தது நீ என்று அப்பா கடைசிவரை நினைத்தார், ஊரும் அப்படியே நினைத்தது. உடைத்தது அம்மா. தூசி தட்டும்போது கை தவறி விழுந்தது. நாம் இரண்டு பேரும் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். அம்மா அதை எடுத்து அலமாரியில் பழையபடி வைத்துவிட்டு, நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். சாயங்காலம் அப்பா பெல்ட்டோடு கேட்டபோது நாமும் வாய் திறக்கவில்லை. முதுகை நீ காட்டினாய். அன்றைக்கு எனக்குத் தலை வாரிவிடும்போது அம்மா பின்னலை மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூட 'என் தம்பி உடைச்சான்' என்றுதான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

இது போதுமா?

போன் முடியாது. கவுண்டரில் நான் யார் போனைத் தொட்டாலும் மேலே கண் இருக்கிறது. முதலாளியம்மாவின் போனும் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்ததுதான். காலையில் அவர் கொண்டுவந்து விடுகிறார், மாலையில் வந்து கூட்டிப்போகிறார். போலீசில் போய் என்ன சொல்வேன்? என் கணவர் என்னிடம் அன்பாக இருக்கிறார் என்றா? அவர்கள் சிரிப்பார்கள். அங்கேயும் கேமரா மாட்டியது அவர்தான்.

போன வாரம் பாப்பா என்னிடம், "அம்மா, அப்பா இருக்கும்போது நாம என்ன பேசணும்னு சொல்லு, நான் அதையே பேசறேன்" என்றாள். ஒன்பது வயசுக் குழந்தை. நான் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். எப்படி என்று சொல்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

போதும். ரேடியோவைப் படித்ததும் முதுகில் அந்த இடம் வலித்தது.

கவனமாகப் படி, இரண்டு தடவை படி, பிறகு லென்ஸ் தேய்க்கும் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிடு. இனி என் கடிதம் எதையும் இழுப்பறையில் வைக்காதே. பழையதையும் இன்றைக்கே கரைத்துவிடு.

என்னிடம் படித்த ஒருத்தி இப்போது காவல் துறையில் கணினிக் குற்றப் பிரிவில் அதிகாரியாக இருக்கிறாள். பெயர் சொல்லாமல் கேட்டேன். "சார், அடிச்சாத்தான் கேஸ்னு யார் சொன்னது? இன்னொருத்தர் பேர்ல நம்பர் வச்சு மெசேஜ் அனுப்பினதே போதும்" என்றாள். உன் ஊர்க் காவல் நிலையம் வேண்டாம், மேலிடத்திலிருந்தே ஆள் கூட்டிவருகிறேன் என்றாள். இரண்டு எண்ணும் எந்தக் கடையில் யார் பேரில் வாங்கப்பட்டவை என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள். அது முடிந்ததும் வருவோம்.

இடத்தை இதில் எழுதுகிறேன். பின்னறைக் கதவுக்கு வெளியே இருக்கும் சந்து. எந்த நாள் என்பதை அடுத்த கடிதத்தில்தான் எழுதுவேன். இடமும் நாளும் ஒரே காகிதத்தில் இருக்கக் கூடாது. அன்றைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் பாப்பாவைக் கடைக்குக் கூட்டி வா.

இனி நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ரேடியோவைப் பற்றி ஒரு வரி இருக்கட்டும். நீயாக எழுதினால் 'அம்மா உடைத்தாள்' என்று எழுது. பக்கத்தில் யாராவது நின்று எழுத வைத்தால் 'நீ உடைத்தாய்' என்று எழுது. அத்தானுக்குத் தெரிந்த கதை அதுதானே, அவருக்குச் சந்தேகம் வராது. அந்த வரியைப் பார்த்ததும் குறித்த நாளுக்காக நான் காத்திருக்க மாட்டேன், நீ எங்கே இருந்தாலும் ஆட்களோடு நேராக அங்கேயே வருவேன். வரமாட்டேன் என்று அத்தான் கண்ணுக்காக ஒரு பதில் எழுதி, அதில் 'ஆமாம், நான்தான் உடைத்தேன்' என்று நானும் பொய் சொல்வேன். அதைப் பார்த்தால் நான் கிளம்பிவிட்டேன் என்று புரிந்துகொள். எந்த நிமிஷமும் கிளம்பத் தயாராக இரு, பாப்பாவின் செருப்பைக் கழற்றவிடாதே.

இது தேவைப்படாது. தேவைப்படாது என்றுதான் எல்லாப் பூட்டையும் செய்கிறோம்.

தம்பி


மார்ச் 19

முட்டைக்கண்ணா,

ரேடியோவை அம்மாதான் உடைத்தாள். இதை எழுதும்போது சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்தில் அம்மாவை நினைத்து முதன்முதலாகச் சிரிக்கிறேன்.

எல்லாவற்றையும் கரைத்துவிட்டேன். உன் பாடங்களைக் கரைக்கும்போதுதான் மனசு கேட்கவில்லை. பிறகு நீ அனுப்பிய நான்காம் பாடம் பாதியில் நிற்கிறது. வெளியே வந்ததும் முதலிலிருந்து சொல்லிக் கொடு, இந்தத் தடவை ஒளிந்துகொள்ளாமல் படிக்கிறேன்.

இரண்டு நாளாக அவர் ரொம்ப அமைதியாக இருக்கிறார். நேற்று, "கடையில் லென்ஸ் நிறைய பாழாகுதாமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முதலாளியம்மா சொல்லியிருக்க மாட்டார். நானும் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாழான லென்ஸ் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம், அதைப் பார்த்திருக்கிறார். இத்தனை படித்தும் அதை யோசிக்கவில்லை பார். இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கவரில் முகவரியை டைப் அடிக்க மறக்காதே. உன் கோழிக் கிறுக்கல் கையெழுத்து ஆயிரத்தில் தெரியும். சீக்கிரம் வா.

அக்கா


மார்ச் 27

அக்கா,

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 10. சாயங்காலம், கடை மூடுவதற்கு முன்.

ஒன்றும் யோசிக்காதே, வந்துவிடுகிறேன். கல்லூரிப் பிரிண்டர் மக்கர் செய்கிறது, தபால் எடுக்க ஆள் வந்து நிற்கிறான். இதை இன்றைக்கு விட்டால் திங்கட்கிழமைதான் போகும், உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது. அதனால் இந்த ஒரு கவரை மட்டும் கையால் எழுதுகிறேன். எழுத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ரேடியோவை மறக்காதே.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. அது வந்தபோது உன் அத்தான் கடையில் ஏதோ வயர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்ததுமே "இது மச்சான் கையெழுத்து மாதிரி இருக்கே" என்று கண்டுபிடித்துவிட்டார். எழுத்தை மாற்றி எழுதுவதில் நீ சின்ன வயதிலிருந்தே மக்கு. நாம் மறுபடி பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். வீண் அலைச்சல். நான் கடை வேலையை விட்டுவிட்டேன். உடம்பு முன்போல் இல்லை, வீட்டிலேயே ஓய்வாக இரு என்று அவர் சொன்னது சரியென்று எனக்கும் பட்டது. முதலாளியம்மாவிடம் அவரே போய்ப் பேசிவிட்டார். பாப்பாவுக்கும் பள்ளிக்கூடம் தூரம், அதனால் கொஞ்ச நாள் வீட்டிலேயே பாடம். பள்ளி விடுமுறையில் நாங்களே குடும்பத்தோடு உன் வீட்டுக்கு வருகிறோம். அதுவரை கடை முகவரிக்கு எழுதாதே, வீட்டு முகவரிக்கே எழுது.

ரேடியோவை மறக்காதே என்று எழுதியிருந்தாய். அது என்ன என்று அவர் கேட்டார், பழைய கதையைச் சொன்னேன், சிரித்தார். உனக்கும் ஒரு பதில் எழுதச் சொன்னார். நான் எதற்கு மறப்பேன்? அப்பாவின் ரேடியோவை உடைத்தது நீதான். இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இப்போதாவது ஒத்துக்கொள்.

உன் பதிலை அவர் ஆவலோடு எதிர்பார்க்கிறார். கூரியரில் உடனே அனுப்பு. நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கூரியரில் நீ அனுப்பிய கடிதம் இன்று காலையே கிடைத்தது. அத்தானுக்குச் சந்தோஷம் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. வேலையை விட்டது நல்ல முடிவு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பத்தாம் தேதி நான் வரவில்லை. பரீட்சைத் தாள்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, எனக்கும் அது வசதிதான். விடுமுறையில் நீங்களே வாருங்கள். அத்தானிடம் சொல், என் வீட்டு வாசலில் ஒரு கேமரா மாட்ட வேண்டும், அவர் கையால் மாட்டினால் நன்றாக இருக்கும்.

பாப்பாவுக்கு ஒரு ஜோடிப் புதுச் செருப்பு வாங்கி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகட்டும், கழற்ற வேண்டாம்.

நீ கேட்டதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. இத்தனை வருஷம் மறைத்ததற்கு மன்னித்துவிடு. ஆமாம், அப்பாவின் ரேடியோவை உடைத்தது நான்தான்.

தம்பி